தலைகீழாக மாட்டிய படம்

கண்ணு, என் மூத்தவள் காலேஜில் சேர்ந்த வருஷம், படங்களுக்குச் சட்டம் போடுகிற ஆரோக்கியம் அண்ணன் எனக்கு இந்தக் கதையைச் சொன்னார்.

உருவமே இல்லாமல் வெறும் நிறங்களால் வரைகிற ஓவியர் ஒருவர் இருந்தார். பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். அப்படி ஒரு படத்தில் நீலம் முழுக்கப் பரவிக்கொண்டது. மஞ்சளுக்கு அடியோரத்தில் விரலகல இடந்தான் மிஞ்சியது.

"உன்னை யாருடி குனிஞ்சு பார்க்கப்போறா?" என்று கேலி செய்தது நீலம்.

"ஒருத்தராவது பார்த்துட்டா போதும்க்கா" என்றது மஞ்சள்.

கண்காட்சியில் படத்தை மாட்டியவர் தெரியாமல் தலைகீழாக மாட்டிவிட்டார். மஞ்சள் உச்சிக்கு வந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

"அவர் வரட்டும், திருப்பிடுவார்" என்று முணுமுணுத்தது நீலம்.

ஓவியர் வந்தார். திருப்புவதற்காகச் சட்டத்தில் கை வைத்தார். மஞ்சளுக்கு உயிரே போய்விட்டது. அவரோ அப்படியே நின்று பார்த்துவிட்டு, "அட, விடிஞ்ச மாதிரி இருக்கே!" என்று சிரித்தார். தலைகீழாக நின்ற பழைய கையெழுத்தை நீலத்தாலேயே மூடிவிட்டு, கீழ் மூலையில் புதிதாகப் போட்டார்.

"நன்றி ஆண்டவரே" என்றது மஞ்சள். "ஆனா, மாட்டின அந்த மனுஷன் பேரைக்கூட நான் கேட்டு வச்சுக்கலையே!"

நீ இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது, அப்படிப் பேர் தெரியாமலே உனக்கு உதவினவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, கண்ணு.