மர்யாத்தியின் ஞாயிற்றுக்கிழமை

"கட்டினவன் படுத்த படுக்கையாக் கிடக்கிறான். இவ நடுரோட்டில நின்னு குதிக்கிறா."

வியாழக்கிழமை குர்ஆன் ஓதல் முடிந்து பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எண்டாங் இப்படித்தான் ஆரம்பித்தாள். யாரைச் சொல்கிறாள் என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். மர்யாத்தியும் அங்கேதான் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் சுகேங் பஸ் ஓட்டியவன். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மர்யாத்திதான். அதில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான்.

ஞாயிறு காலையில் ஜகார்த்தாவின் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஊரே காலாற நடக்க வந்துவிடும். நீரூற்று வட்டத்துக்குப் பக்கத்தில் பாட்டைப் போட்டு ஆட்டமாக உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள். காசு கிடையாது, யாரும் சேரலாம். மர்யாத்தி சிவப்புச் சட்டை போட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் அங்கே கிளம்பிவிடுவாள். ஆடி முடித்து, சாலையோரத்தில் உட்கார்ந்து கோழிக்கஞ்சி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

இது நின்றாக வேண்டும் என்றாள் எண்டாங். இல்லாவிட்டால் சுகேங்கின் அண்ணனை ஊரிலிருந்து வரவழைத்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடுவாளாம்.

"அப்புறம் ஏழு நாளும் ஆடு, யாரு கேக்கப் போறா?"

சிலர் சிரித்தார்கள். மர்யாத்தி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் போவேன் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த ஞாயிறு எண்டாங் சாட்சிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நேரில் போனாள். அவ்வளவு கூட்டத்திலும் மர்யாத்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி, வேர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். எண்டாங் அதைச் செல்போனில் வீடியோ எடுத்தாள். பாட்டு முடிந்ததும் நேரே அவள் முன்னால் போய் நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"எதுக்கு அக்கா வெக்கம்? ஆறு நாள் இந்த ரோட்டுல கார்க்காரன் போறான். ஒரு நாள் நான் ஆடுறேன். யாருகிட்ட என்னத்தப் பிடுங்கிட்டேன்?"

"புருஷன் அங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கிறப்போ..."

"நானும் மூச்சு வாங்கத்தான் வந்திருக்கேன்."

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்டாங்குக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, இப்போ அவன்கூட யாரு இருக்கா? அதைச் சொல்லு."

அதுவரை தலை நிமிர்ந்து பேசிக்கொண்டிருந்த மர்யாத்தி குனிந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஆள் இருக்கு."

"யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

எண்டாங்குக்கு அது போதுமானதாக இருந்தது. ஆள் இருந்தால் பெயர் சொல்வதற்கு என்ன? தனியாகப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று உடன் வந்தவர்களிடம் உரக்கச் சொன்னாள். இந்த வீடியோவை இப்போதே சுகேங்கிடம் காட்டப் போவதாகவும் சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

மர்யாத்தி கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தாள். என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். அடுத்த பாட்டு ஆரம்பமாகியிருந்தது. திரும்பிப் போய் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

சந்தில் மர்யாத்தி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எண்டாங் தட்டாமல் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

சுகேங் குளித்து, தலை வாரி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியான கஞ்சிக் கிண்ணம். மூலையில் ஒரு தூண்டில்.

அந்த ஆள் எண்டாங்கின் கணவர் வகிமான். வாரா வாரம் மீன் பிடிக்கப் போகிறேன் என்று விடியும் முன்பே கிளம்புகிற மனிதர். வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காதவர்.

"நீங்க இங்க..." என்றாள் எண்டாங். பின்னால் வந்த இரண்டு பெண்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

வகிமான் நகம் வெட்டுவதை நிறுத்தவில்லை. தணிந்த குரலில் சொன்னார். தானும் சுகேங்கும் ஒரே பஸ்ஸை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். போன வருஷம் ஒருநாள் பார்க்க வந்தபோது, மர்யாத்தி அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது இருவர் காதிலும் விழுந்தது. அவளை வாரத்தில் ஒரு நாள் காலையிலாவது வெளியே அனுப்ப வேண்டும், நீ வந்து உட்காருவாயா என்று கேட்டதே சுகேங்தான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. மர்யாத்தி மாட்டேன் என்றுதான் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து விரட்டிவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் எண்டாங்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா? நீ கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்."

"அப்போ அந்த மீனெல்லாம்?"

"சந்தையில வாங்கினது."

சுகேங்கின் கண் எண்டாங் கையிலிருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தது. காட்டுவதற்காக அவள் ஓடவிட்டு வந்த வீடியோவில் மர்யாத்தி சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அவன் நல்ல கையை மெல்ல நீட்டினான். வாய் கோணிக் கோணி, ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

"குடு, தாயி... நான் இதுவரைக்கும்... அவ ஆடிப் பாத்ததே இல்ல."