ஏழாவது வார்டு பானுமதி

"மேடம், சதுர அடிக்குப் பன்னெண்டு ரூபாய்னா நான் மனை விக்கறதா, இல்ல சாமியாராகித் தீர்த்தமலை ஏறறதா?"

செயல் அலுவலர் அன்பரசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்தப் பேரூராட்சிக்கு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எதிரே உட்கார்ந்திருந்த மாதவராஜ், பென்னாகரம் சாலையில் நூற்று நாற்பது மனைகள் போட்டிருப்பவர். புது மனைப்பிரிவுகளுக்கு வளர்ச்சிக் கட்டணம் விதிக்கும் தீர்மானம் நாளை மன்றத்துக்கு வருகிறது.

"நூத்தி நாப்பது வூடு வந்தா தண்ணிக்கு எங்கங்க போறது? ஊருக்கே ஒரு தொட்டிதான். புதுசா ஒண்ணு கட்டணும். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வகுப்பறை வேணும். உங்ககிட்ட மனை வாங்கறவங்களுக்காகத்தானே கேக்கறோம்?"

"ஆறு ரூபாய்னு வைங்க. கண்ண மூடிட்டுக் கட்டறேன்."

"ஆறு ரூபாய்க்குப் பாதித் தொட்டிதான் வரும். மேல் பாதி வேணுமா, கீழ்ப் பாதி வேணுமா?"

மாதவராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எல்லாம் அந்தம்மா கிளப்பிவிட்டதுங்க. ஏழாவது வார்டு பானுமதி."

"ஆமா, இருநூறு கையெழுத்தோட மனு கொடுத்திருக்காங்க. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருதாம்."

"அஞ்சு நாளைக்குங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல பேசிக்கறாங்க" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அப்ப அவங்க கேக்கறது நியாயம்தானே? நேரா அவங்ககிட்டயே பேசிப் பாருங்களேன்."

"அவங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடிஞ்சா, உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?"

அன்பரசி ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுங்க. மன்றத்துல அப்படியே படிச்சிடறேன்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்.

'பன்னிரண்டு ரூபாய்க்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. புதுத் தொட்டித் தண்ணீரை முதலில் ஏழாவது வார்டுக்கு விடவும்.'

அன்பரசி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, எதிர்க் கட்சிக்கே சிபாரிசா?"

"சீல் வச்சு எனக்கு ஒரு நகல் கொடுங்க மேடம்."

"நகல் எதுக்கு?"

"வூட்டுல காட்டணுங்க" என்றார் மாதவராஜ், குரலைத் தாழ்த்தி. "பத்து நாளா பானுமதி எனக்குச் சோறே போடறதில்ல."