தடங்கலில்லாத வாசிப்பு

"டீச்சர், உள்ள வாசிக்கிறது என் பொண்ணுதானா?"

கதவின் கண்ணாடியில் மூக்கு உரச நின்றுகொண்டு கேட்டார் அப்பா.

வாசிப்புப் பயிற்சி தரும் ஆசிரியைக்கே காதை நம்ப முடியவில்லை.

உள்ளே கல்லூரி மாணவி வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டல் இல்லை, ஒரு வரியை விட்டு இன்னொரு வரிக்குத் தாவுவது இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது குரல்.

எதிரே ஸ்டாப்வாட்ச்சோடு சோதனை அதிகாரி.

டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாட்டுக்கான சான்றிதழைப் புதுப்பிக்கிற சோதனை இது. திணறினால்தான் இறுதித் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். கேள்வித்தாளைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் கிடைப்பார். சரளமாக வாசித்தால் இரண்டும் போச்சு.

சான்றிதழ் வாங்குவதற்கு முன், இரண்டும் இல்லாமல் முதல் பருவத்தில் எழுதியபோது மூன்றாவது கேள்வியோடு மணி அடித்துவிட்டது. எல்லாத் தாளும் தோல்வி.

காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினாள் ஆசிரியை. "எப்படி வருதோ அப்படியே வாசிம்மா. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேணாம்."

"சரிக்கா."

அப்பா ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இத்தனை வருடம் கூப்பிட்டும் இந்தப் பயிற்சி மையத்தின் பக்கம் எட்டிப் பார்க்காதவர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செய்தித்தாளை மகள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவள் திணறத் தொடங்கியதும், "எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாருங்க" என்று சிரிப்பார். விருந்தாளியும் சிரித்துவைக்க வேண்டியிருக்கும்.

இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். நோயும் இல்ல, நொடியும் இல்ல. எல்லாம் கொழுப்பு!"

அடுத்த வரி காதில் விழுந்ததும்தான் ஆசிரியைக்குப் பிடிபட்டது.

தேனீக்களைப் பற்றிய பத்தி. போன சோதனைக்கும் இதேதான். பத்தியை மாற்ற வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

பாடங்களைத் தன் குரலில் போனில் பதிவுசெய்து கொடுப்பது ஆசிரியையின் வழக்கம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைக் கேட்டுக்கேட்டுத்தான் அந்தப் பெண் படித்தாள். போன மாதம், "அந்தத் தேனீயையும் பேசிக் குடுங்கக்கா, பயமாவது தெளியட்டும்" என்றாள்.

ஆசிரியையும் பேசிக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பதிவில் ஆசிரியை மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் உள்ளே இருந்தவளும் மூச்சு வாங்கினாள். தொண்டையைச் செருமிய இடத்தில் ஒரு செருமல்கூட.

கதவைத் திறந்து, "சார், இது மனப்பாடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு பத்தி கொடுப்பார்கள். பெண் வழக்கம்போலத் திணறுவாள். சான்றிதழ் பிழைத்துக்கொள்ளும்.

கைப்பிடியில் கை வைத்தாள்.

"இருங்க டீச்சர், முடிக்கட்டும்" என்றார் அப்பா. அதிகாரக் குரல் இல்லை அது. கெஞ்சல்.

அதிகாரி ஸ்டாப்வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தி மறுபக்கத்துக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தாளை யாரும் திருப்பவில்லை.

மாணவி தாளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியே அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடி அசைந்ததும் பார்வை ஆசிரியையின் பக்கம் திரும்பியது. வாசிப்பை நிறுத்தாமலே, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"என்னைப் பாத்துத்தான் தலையாட்டுறா" என்று சொல்லிவிட்டு, அப்பாவும் பதிலுக்குத் தலையாட்டினார்.