மஞ்சள் விழுந்த தூக்கப்படம்

ஜாதகத்தோடு பெண்ணின் தூக்கப்படத்தையும் கேட்பது வழக்கமாகியிருந்தது. ஆழ்ந்த உறக்கம் அதில் நீலமாகத் தேங்கும். விழிப்பு மஞ்சளாகத் தெறிக்கும். கல்லூரியில் இடம் கிடைத்திருந்த தாட்சாயணிக்குக் கல்யாணம் வேண்டாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடிய வீடில்லை. படம் கெட்டால் வரன் தட்டிப்போகும் என்று, உறக்கத்தைப் பதியும் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு விடிய விடியத் தூங்காமல் கிடந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா படத்தை விரித்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மஞ்சள்.

“பிள்ளைக்குக் கொஞ்சம் பயம்ங்க, அதான்…” என்று அப்பா இழுத்தார்.

“அட, நல்லதுண்ணே! எங்க மாமனாரு படுத்த படுக்கை. ராத்திரியெல்லாம் முழிச்சுப் பார்த்துக்க ஆளில்லாம தவிக்கிறோம். இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் கும்பகர்ணிங்க. இவதான் எங்களுக்கேத்த மருமக.”

அந்த அம்மா பூச்சூட்டக் குனிந்தபோது, தாட்சாயணிக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது.