பெஞ்சுக்குக் கீழே இருந்த தகடு

தகட்டில் தன் பெயரைப் பார்த்ததும் லெசிபா தேய்ப்பதை நிறுத்தினான்.

தப்பு அவன் கையுடையதுதான். முப்பது வருடமாக மமெலோடி என்ற கறுப்பர் குடியிருப்பில் கார்களுக்கு டிங்கரிங் பார்த்த கை. தேய்ப்பதற்கு முன்னால் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவிவிடும். தேய்த்தால் மேட்டில் விழுந்த கறுப்பு போய்விடும், பள்ளத்தில் விழுந்தது நிற்கும். நெளிசல் எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பழைய ராணுவக் கவச வண்டியின் உள்சுவரில் அது நெளிசலைக் காட்டவில்லை, எழுத்துகளைக் காட்டியது. பெஞ்சுக்குக் கீழே, தரையோடு தரையாக, பெல்ட் கொக்கியால் கீறினாற்போல்.

'லெசிபா.'

நாற்பது வருடத்துக்கு முன்னால், நிறவெறி ஆட்சியின் சிப்பாய்கள் இதில்தான் நோகோவை ஏற்றிக்கொண்டு போனார்கள். நோகோ லெசிபாவுக்கு உயிர்ச் சிநேகிதன், லெசிபாவின் மனைவி மொகாடிக்கு அண்ணன். போனவன் போனவன்தான்.

வண்டியின் நம்பரைத் தெருவே மனப்பாடமாக வைத்திருந்தது. அதை வைத்துத்தான் மொகாடி ஒரு பழைய இரும்புக் கிடங்கில் இதைக் கண்டுபிடித்தாள். போராட்டத்தில் செத்த பிள்ளைகளின் நினைவு நாளான ஜூன் பதினாறுக்குள் சரிசெய்து நினைவு மண்டபத்து வாசலில் நிறுத்த வேண்டும். வேலையை இங்கே, வீட்டு முற்றத்தில், தன் புருஷனே செய்ய வேண்டும் என்று மண்டபக் கமிட்டியிடம் ஒற்றைக்காலில் நின்றாள்.

லெசிபா மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். காரணம் கேட்டாள். வண்டி வந்ததும் அவன் ஏறி வேலையைத் தொடங்கிவிட்டான்.

அன்றைக்கு நோகோ எந்தக் கோழிக் கொட்டகையில் ஒளிந்திருந்தான் என்பது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவனைச் சந்தில் மடக்கி ஒரு சிப்பாய் இரண்டு அறை விட்டான். இரண்டே அறை. மூன்றாவதற்குக் கை ஓங்கும் முன்பே லெசிபாவின் விரல் கொட்டகைப் பக்கம் நீண்டுவிட்டது.

நாற்பது வருடமாக அந்த விரலை அவன் யாருக்கும் காட்டியதில்லை.

"பெலாடி அப்பா! கமிட்டிக்காரங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க. களி ஆறுறதுக்குள்ள ரெண்டு வாய் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நில்லுங்க, திருடன் மாதிரி அதுக்குள்ளயே பதுங்காதீங்க!" பிள்ளையின் பெயரைச் சொல்லியே புருஷனைக் கூப்பிடும் மொகாடியின் குரல் சமையலறையிலிருந்து சிரிப்போடு வந்தது.

அவன் பெஞ்சுக்குக் கீழே இன்னும் குனிந்தான்.

பெயருக்குப் பக்கத்தில், இன்னும் தேய்க்காத கறுப்புக்குள், கீறல்கள் தொடர்ந்து போயின. அதைத் தேய்த்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெயருக்குப் பிறகு நோகோ வேறென்ன எழுதியிருப்பான்?

இரும்பைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டரை எடுத்தான்.

தீப்பொறி முழங்கை வரை தெறித்தது. வலிக்கவில்லை. வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டபோது அழுத்திப் பிடித்தான். பெயர் போயிற்று. மிச்ச வரியும் போயிற்று. ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக இரும்பு மட்டும் மின்னியது.

வண்டியின் பின்கதவு வழியாக மொகாடி ஏறி வந்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நேராக அந்தப் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தாள்.

தடவினாள். பக்கத்தில் தடவினாள். திரும்பவும் அதே இடத்துக்கு வந்தாள்.

பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். தகட்டின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதம். சாம்பல் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக நின்றன.

'லெசிபா, என் தங்கையைப் பார்த்துக்கொள். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.'

"கிடங்குலயே என் விரல்ல தட்டுப்பட்டுச்சு. நீங்க தேய்க்கிறப்போ நீங்களே படிக்கட்டும்னுதான் வாயத் திறக்காம இருந்தேன். அண்ணன் எழுதினதப் போய் ஏங்க அழிச்சீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

கேட்டு முடித்த பிறகுதான் திரும்பிப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.