மரம் அறுக்கும் மேசை

வலது கையை அவர் பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இடது கையால் இரும்பு மேசையைத் தடவினார். நடுவில் இருந்த பிளவில் பிளேடின் பற்கள் எட்டிப் பார்த்தன.

“பாருங்க மேடம், இத்தனை வருசமா சனிக்கிழமையானா வருவாரு. தொடுவாரு, தடவுவாரு, போயிருவாரு. பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இத்தனை தடவை வரமாட்டாங்க.”

கடைக்காரர் இஸ்மாயில் பாய்க்கு, அவர் கூட வந்திருந்த மனைவியிடம் பேசுவது இதுதான் முதல்முறை. பழகியவரைப் போலச் சொன்னார்.

“இன்னிக்குத் தாலி கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாரு பாய்.”

“அப்ப உங்க கதி?”

“எனக்கென்ன? சக்களத்திக்குக் கார் ஷெட்டை ஒதுக்கிக் குடுத்தாச்சு.”

அவரும் சிரித்தார். கை பைக்குள்ளேயே இருந்தது.

கார் இல்லாத கார் ஷெட் அது. தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். மெஷின் நிற்க வேண்டிய இடம். அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போய்த்தான் துணி உலர்த்துவாள். சாக்பீஸ் அழிந்தால் அவர் மறுபடி வரைவார்.

முதலில் வீட்டுக் கடன். அப்புறம் மகளின் படிப்பு. அப்புறம் அவள் கல்யாணம்.

ரிட்டயர் ஆனதும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

ஆனார்.

கை நடுங்கத் தொடங்கியது.

போன வாரம் நரம்பு டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். “மெதுவாத்தான் அதிகமாகும். ஆனா இனிமே குறையாது.”

 

இன்று காலை அவள் சீட்டு எடுத்த பணத்தோடு வந்து நின்றாள். “கிளம்புங்க. மெஷின் வாங்கிட்டு வந்துரலாம்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்களை அவள் போட்டுவிட்டாள்.

பாய் இரண்டு மெஷின்களைக் காட்டினார்.

பெரியது முழுக்க இரும்பு. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். சின்னதில் மேலே அலுமினியத் தகடு, கீழே ஒல்லியான மடக்குக் கால்கள்.

“பெரிசு கோயமுத்தூர்லயே வார்த்தது சார். உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்.”

“பெரிசே எடுத்துக்கலாங்க,” என்றாள்.

“பட்ஜெட் இடிக்கும்.”

“இடிச்சா இடிக்கட்டும்.”

அவள் அந்த விலைச் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. கத்திரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள்.

பாய்க்கு உற்சாகம். ஒரு துண்டுப் பலகையை எடுத்து நீட்டினார். “நீங்களே ஒரு தடவை விட்டுப் பாருங்க சார்.”

சுவிட்சைப் போட்டார். பிளேடு சுழன்று, பற்கள் மறைந்து, ஒரு வெள்ளிக் கோடு ஆனது.

அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார்.

பலகையை இரண்டு கைகளாலும் பிடித்தார். பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்து வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். தள்ளினார்.

பிளேடைத் தொடும் முன்பே பலகை மேசைமேல் தட்டத் தொடங்கியது.

டக்.

டக் டக் டக் டக்.

அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். சத்தம் கூடியது.

பாய் சுவிட்சை அணைத்தார்.

“வோல்டேஜ் சரியில்ல சார். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.”

தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கே வேணும் பாய்,” என்றாள் அவள். குரல் தேவைக்கு மேல் ஓங்கி வந்தது. பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் பலகையைக் கீழே வைத்தார். நடந்துபோய்ச் சின்ன மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இதைக் குடுங்க பாய்.”

“அது ரொம்ப நாள் உழைக்காது சார். உங்ககிட்ட நான் பொய் சொல்லக் கூடாது.”

“ரொம்ப நாள் உழைக்க வேண்டியதில்ல.”



ஏதாவது செய்ய வேண்டுமே என்பதுபோல, பாய் சின்ன மெஷினை ஓட விட்டார். கீச்சென்று கத்தியது. அணைத்தார். பற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. நின்றன.

அவள் வேகமாக வந்தாள். அவரைத் திட்டத்தான் வந்தாள். பக்கத்தில் வந்ததும், எதற்கென்று திட்டுவது என்று தெரியவில்லை. எதிர்ப்புறம் நின்று, குனிந்து, உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தாள்.

மெல்லிய தகடு. உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது.

“இன்னும் ஓடுது பாய். சுவிட்சைச் சரியா அணைங்க.”

பாய் நிமிரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தலையைத் தூக்கினாள்.

மேசையின் அந்த ஓரத்தில் அவருடைய வலது கை ஊன்றியிருந்தது.

அவர் கையை எடுத்தார்.

தகடு அடங்கியது.

“எடுக்காதீங்க,” என்றாள்.