முதுகுப் பக்கம் ஒரு பாக்கெட்

"அங்க வேணாம்ணே. அவர் கைக்கு எட்டும்," என்றார் டீச்சர்.

தையல்காரர் பையின் தோள்வாரின் மேல் வைத்த சாக்பீஸை எடுத்துக்கொண்டார். மலையேறப் போகிறவர்கள் எல்லாரும் போன் பாக்கெட்டைத் தோள்வாரில்தான் கேட்பார்கள். நடந்துகொண்டே எடுக்கலாம், படம் பிடிக்கலாம், திரும்ப வைக்கலாம். இதைத்தான் அவர் இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர் அவர். உள்ளே வந்து நீல நிற முதுகுப்பையை மேசைமேல் வைத்ததும், தையல்காரர் தைத்துக்கொண்டிருந்ததை மேசைக்கு அடியில் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். பை டீச்சருடையது இல்லை, வீட்டுக்காரருடையது. அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் டீச்சர் பரணுக்குள் கையை விட்டு, கிடைத்ததும் இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். அடுத்த வாரம் இரண்டு பேரும் மலைப் பாதையில் நடக்கப் போகிறார்கள். கல்யாணமான புதுசுக்கு அப்புறம், பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை.

இடுப்புப் பட்டையில் வைக்கலாமா என்று கேட்டார் தையல்காரர். ஊஹூம், அது இன்னும் வசதி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால்? குனிந்த தலை நிமிரவே நிமிராது. அப்படியானால் பக்கவாட்டில், தண்ணீர் பாட்டில் வைக்கிற இடத்துக்கு மேலே?

"முதுகு அரிச்சா கை எட்டலைன்னு என்னைக் கூப்பிடுவார்ணே. ஆனா போன்னா கை எங்க வேணா எட்டும்."

போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்டுப் பார்த்தார் தையல்காரர். அது எப்படி முடியும்? மலையில் வழி பார்க்க வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டும்.

"போன் வரட்டும்ணே. அவர் கையில வர வேணாம்."

அதற்குள் டீச்சரின் கைப்பைக்குள் போன் அடித்தது. தங்கை. ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு டீச்சர் பேச ஆரம்பித்தார். தங்கை வீட்டு வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறதாம். எந்தப் பக்கம் விடுகிறது, எப்போதிலிருந்து விடுகிறது, மெக்கானிக் என்ன சொன்னான், அதற்குத் தங்கை என்ன சொன்னாள், எல்லாம் அலசிக் காயப்போட்டாயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் தையல்காரர் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றி, இன்னொன்றுக்குக் கைப்பிடி தைத்து முடித்திருந்தார்.

"எங்க விட்டேன்? ஆங், எந்நேரமும் போன்தாண்ணே அவருக்கு," என்று டீச்சர் விட்ட இடத்தில் பிடித்தார்.

தையல்காரருக்கு இருமல் வந்தது. கொஞ்ச நேரம் குனிந்து இருமிவிட்டு நிமிர்ந்தார்.

போன மாதம் டீச்சர் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்காரருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மனுஷர் தட்டையும் போனையும் தவிர எதையும் பார்க்கவில்லை. சார்ஜ் இறங்கிப் போன் அணைந்த பிறகுதான் நிமிர்ந்து, எப்போது வெட்டினாய் என்று கேட்டாராம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தார் டீச்சர். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"என்கிட்ட பேச அவருக்கு ஒண்ணுமே இல்லையோன்னு பயமா இருக்குண்ணே. இந்த மலையிலயும் பேசலைன்னா, அப்புறம் எங்க போய்ப் பேசப் போறோம்?"

"இருக்கும் டீச்சர். நிறையவே இருக்கும்," என்றார் தையல்காரர்.

பிறகு அவரே பையைத் திருப்பிப் போட்டு, வெளிப்பக்கம் நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். மாட்டிக்கொண்டிருப்பவர் தலைகீழாக நின்றாலும் அங்கே கை போகாது. பின்னால் வருகிறவர்தான் ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

டீச்சர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இதைத்தானே இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்!

"யாரு முன்னாடி நடப்பீங்க?" என்று கேட்டார் தையல்காரர்.

"அவர்தான். நான் பின்னாடி. போன் வேணும்னா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேக்கட்டும்."

தையல்காரருக்கு மறுபடி இருமல். ஒருவழியாக அடக்கிக்கொண்டு, டீச்சரின் கைக்கு எட்டுகிற அளவு பார்க்கப் பையைத் தூக்கிப் பிடித்தார். டீச்சர் கையை நீட்டி ஜிப் வரவேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சரியா அவர் முதுகு உயரத்துக்கே பிடிச்சிருக்கீங்களே. எப்படிண்ணே?"

"எல்லாம் ஒரு குத்துமதிப்புதான் டீச்சர்."

நாளைக்கே வேண்டும், அதுவும் வீட்டுக்காரர் வருவதற்குள் வேண்டும், அவர் காதுக்கு மட்டும் போகக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினார் டீச்சர். மூச்சுவிட மாட்டேன் என்று தையல்காரரும் மூன்று தடவை சொன்னார். படி இறங்கும்போதே டீச்சரின் போன் மறுபடி அடித்தது. வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டே தெருவில் நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தையல்காரர் மேசைக்கு அடியில் தள்ளியதை வெளியே இழுத்தார். அதே மாதிரிப் பை, சிவப்பு நிறம். வெளிப்பக்கம் நடுவில் பாதி தைத்த ஒரு பாக்கெட். காலையில் ஆபீஸ் போகிற வழியில் அதைக் கொண்டுவந்த மனிதர், இதே இடத்தில் நின்று கையை நீட்டி அளவு காட்டிவிட்டுச் சொல்லியிருந்தார்:

"என் வீட்டுக்காரி பைண்ணே. போன் அவ கைக்கு எட்டக் கூடாது. அவளை முன்னாடி நடக்க விட்டுட்டு நான் பின்னாடி வருவேன். தங்கச்சிகிட்ட பேசுறதுல பாதியாவது என்கிட்ட பேசட்டும்."